'ஊரே நடத்துகிற' காட்டுச் சுற்றுலா: நிஜமா, பலகை மட்டுமா? போகும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

#1 வழிப்போக்கன்

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது பேர் சேர்ந்து காட்டுயிர் பார்க்கப் போகலாம் என்று பேச ஆரம்பித்து மூன்று மாதமாகிறது. இடம் இன்னும் முடிவாகவில்லை. இழுத்தடிப்பது நான்தான்.

எந்த விடுதியின் பக்கத்தைத் திறந்தாலும் 'ஊர் மக்களோடு இணைந்து', 'பொறுப்பான சுற்றுலா', கூடவே ஒரு பச்சை இலைப் படம். போன தடவை அப்படி ஒரு இலையை நம்பித்தான் போனோம். அங்கே ஊர்க்காரர் என்று நான் பார்த்தது இரண்டே பேர். கேட்டைத் திறந்துவிட்டவர் ஒருவர், பாத்திரம் துலக்கிய அம்மா ஒருவர். ராத்திரி ஜீப்பில் கூட்டிப் போனார்கள். ஓரிடத்தில் ஒரு மிளா மான், பக்கத்தில் குட்டி. ஓட்டுநர் பெரிய விளக்கை நேரே முகத்தில் அடித்தார். தாய் ஒரே பாய்ச்சலில் புதருக்குள் போய்விட்டது. குட்டி மட்டும் நாலு காலையும் அகட்டிக்கொண்டு அப்படியே நின்றது. எங்கள் வண்டியில் கைதட்டினார்கள். நானும் படம் எடுத்தேன், பொய் சொல்வானேன்.

மறுபடி அப்படி ஆகக்கூடாது. வீட்டிலிருந்தபடியே, பணம் கட்டுவதற்கு முன்பே, எது நிஜமாக ஊர் நடத்துவது, எது பெயருக்கு என்று பிரித்துப் பார்க்க முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

இலையைப் பார்க்காதீர்கள், ரசீதைப் பாருங்கள். நீங்கள் கட்டும் பணத்துக்கு யார் பெயரில் ரசீது வருகிறது? அந்த ஒரு கேள்வியில் பாதி தெரிந்துவிடும்.

ஜிம்பாப்வேயில் 1980களின் கடைசியில் 'கேம்ப்ஃபயர்' என்ற திட்டம் வந்தது. யானை வயலில் இறங்கினால் நஷ்டம் ஊருக்கு. அப்படியானால் யானையால் வரும் வருமானமும் ஊருக்குத்தானே வரவேண்டும் என்பது அடிப்படை. குறை சொல்ல முடியாத யோசனை. ஆனால் சட்டப்படி அதிகாரம் போய் உட்கார்ந்தது மாவட்டக் கவுன்சிலில். கவுன்சில் தன் செலவுக்கு எடுத்ததுபோக மிச்சம்தான் கிராமத்துக்கு இறங்கியது. பல இடங்களில் அந்த மிச்சமும் நொண்டி நொண்டித்தான் வந்தது.

நமீபியா 1996-ல் சட்டத்தைத் திருத்தியபோது வேறு வழி போனது. ஊர்க்காரர்களே எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியல் போட்டு, குழுவைத் தேர்ந்தெடுத்து, வரும்படியை எப்படிப் பங்கிடுவது என்று எழுதிக் கொடுத்தால் 'கன்சர்வன்சி' என்று பதிவாகலாம். விடுதி கட்ட வருகிறவர் அந்தக் குழுவோடு நேரடியாக ஒப்பந்தம் போட வேண்டும். 1998-ல் முதல் நான்கு பதிவாயின. பிறகு 86 வரை வளர்ந்து, நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்போது அவற்றுக்குள் வருகிறது.

இரண்டு நாட்டிலும் அதே யானை, அதே விடுதி, அதே வெளிநாட்டுப் பயணி. வித்தியாசம் கையெழுத்து போடுவது யார் என்பதில்.

#3 செம்போத்து

கணக்குப்பிள்ளை சார், பெயருக்கேற்ற மாதிரி எல்லாவற்றையும் ரசீதில் முடித்துவிட்டீர்கள். :)

நீங்கள் சொன்ன அதே நமீபியாவில் முந்தைய கதை ஒன்று இருக்கிறது. வடமேற்கே வறட்சி, போர், வேட்டை எல்லாம் சேர்ந்து பாலைவன யானையும் கருப்புக் காண்டாமிருகமும் அழியும் நிலைக்கு வந்த காலம். 1980களின் தொடக்கத்தில் கார்த் ஓவன்-ஸ்மித் என்பவர் ஊர்த்தலைவர்களோடு உட்கார்ந்து பேசினார். தலைவர்களே தங்கள் ஆட்களில் சிலரைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கூலி என்ன தெரியுமா? பெரும்பாலும் மாவும் உணவுப் பொருளும். சுற்றுலாப் பயணி என்ற ஆளே அப்போது அந்தப் பக்கம் கிடையாது. 1996 சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவ்வளவு தூரம் ஏன், வேடந்தாங்கல்? ஏரியில் கூடும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது என்று ஊருக்குத் தெரியும். சிப்பாய்கள் வந்து சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, 1798-ல் சுடக்கூடாது என்று எழுத்தாகவே வாங்கினார்கள். அப்போது டிக்கெட்டும் கிடையாது, பைனாகுலர் வாடகையும் கிடையாது.

காப்பது முதலில், பார்க்க வருகிறவன் பிறகு. இந்த வரிசை மாறினால்தான் வம்பு. பயணி பணத்துக்காகவே காக்கத் தொடங்கிய ஊர், பயணி வராத வருஷம் என்ன செய்யும்? 2020-ல் கொரோனா வந்தபோது உலகம் பூராவும் அதைப் பார்த்தோம்.

#4 கணக்குப்பிள்ளை

2020 நல்ல அடி. அதை மறுக்கவில்லை. ஆனால் 'மாவு வாங்கிக்கொண்டு காத்தார்கள்' என்பதை நாம் வியந்து பேசுவது சுலபம். காவலுக்குப் போனவர் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும்.

ஒரு நடுவழியும் இருக்கிறது. கென்யாவில் மசாய் மாராவைச் சுற்றியுள்ள கன்சர்வன்சிகளில் மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை விடுதிகளுக்குக் குத்தகைக்கு விடுகின்றன. ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்த மாதம் எத்தனை பயணி வந்தார்கள் என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. படுக்கைக்கும் வண்டிக்கும் உச்சவரம்பு உண்டு. குறை இல்லாமல் இல்லை: நிலப்பத்திரம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில், எனவே குத்தகைப் பணமும் அங்கேதான் போகிறது. நிலமே இல்லாத குடும்பத்துக்கு ஒன்றுமில்லை.

#5 பாதைக்காரன்

நான் பதினோரு வருஷமா வழிகாட்டி வேலை பாக்கிறேன். மேலே பெரியவங்க சட்டம் பேசுறீங்க, நான் காட்டுக்குள்ள நடக்கிறதைச் சொல்றேன்.

வழிகாட்டியைக் கெடுக்கிறது டிப்ஸ்தான். காலையில 'ரூல்ஸ்படி போலாம்'னு சொல்ற அதே ஆள், ஒன்பது மணிக்கு ஒண்ணும் கிடைக்கலேன்னா 'கொஞ்சம் கிட்டப் போலாமே'ம்பார். சும்மா சொல்ல மாட்டார், கை பாக்கெட்டுல இருக்கும். நான் தனியாளா இருந்தா, வீட்டு நெனப்பு வந்தா, வண்டி கிட்டப் போகும். போயிருக்கு. மறைக்க என்ன இருக்கு.

எங்க சங்கத்துல பிறகு ஒண்ணு செஞ்சோம். டிப்ஸ் எல்லாம் ஒரே டப்பா, மாசக் கடைசியில சமமாப் பிரிப்போம். அன்னைக்கே பாதி தொல்லை போச்சு. கிட்டப் போனா எனக்குத் தனியா லாபம் இல்ல, மாட்டினா திட்டு மட்டும் எனக்குத் தனியா.

அதனால வழிப்போக்கன் அண்ணா, கேக்க வேண்டிய கேள்வி என்னன்னா: "நீங்க எப்பல்லாம் மூடுவீங்க? மூடணும்னு யார் முடிவு பண்ணுவாங்க?" ஊர்க்காரனுக்கு வேலை குடுக்கிறது எல்லாரும் பண்றதுதான். நானும் முதல் நாலு வருஷம் சம்பளக்காரன்தான். இன்னைக்கு உள்ள போக வேணாம்னு எனக்குத் தெரியும், சொன்னா வேலை போயிரும். இப்ப நாங்க சொன்னா கயிறு கட்டிருவோம். ஆமா, நெஜமாவே ஒரு தேங்கா நார்க் கயிறுதான், ரெண்டு மரத்துக்கு நடுவுல. அதைத் தாண்ட யாருக்கும் அனுமதி கிடையாது. பெரிய ஆபீசர் சொந்தக்காரங்க வந்தாலும் சரி.

#6 முக்காலி

பதினைந்து வருடமாகப் பறவைப் படம் எடுக்கிறேன். காட்டுச் சுற்றுலா என்று பேச்சு வந்தாலே படம் எடுக்கிற எங்களைத்தான் எல்லோரும் வில்லனாகக் காட்டுகிறார்கள். நாங்கள் எடுத்த படம் இல்லாவிட்டால் பல இனங்களைப் பற்றி யாருக்கும் தெரிந்தே இருக்காது. ஒரு பறவையை வெளியே வரவழைக்க அதன் குரலைப் போனில் இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டால் காடு அழிந்துவிடுமா? பக்கத்தில் சாலை போடும்போது இந்தக் கோபம் எங்கே போகிறது?

#7 பாதைக்காரன்

சாலைக்கும் கோபம் இருக்கு சார், அது வேற இழை.

ரெண்டு நிமிஷம்னு சொன்னீங்க. நான் பார்த்ததைச் சொல்றேன். ஒரு ஈப்பிடிப்பான், ஆண். அலகுல பச்சைப்புழு, கூட்டுக்குக் கொண்டு போய்க்கிட்டு இருந்தது. ஒருத்தர் போன்ல அதே இனத்தோட பாட்டைப் போட்டார். அதுக்கு என்ன தெரியும், எதிராளி வந்து எடத்தைப் பிடிக்கிறான்னு நெனைச்சிருச்சு. கிளைக்குக் கிளை தாவித் தேடுது, நெஞ்சைத் தூக்கிக் கத்துது. கத்தணும்னா வாய் திறக்கணும்ல? புழு விழுந்திருச்சு. இருபது நிமிஷம் கூட்டுப் பக்கமே போகலை. அவர் போன பிறகு அடுத்த குரூப், அதே கூடு, அதே பாட்டு. உங்களுக்கு ரெண்டு நிமிஷம். அதுக்குக் காலையிலேர்ந்து சாயங்காலம்வரை.

#8 முக்காலி

கூடு கட்டும் காலத்தில் நானும் போடுவதில்லை. ஆனால் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், எல்லோரும் காலம் பார்ப்பதில்லை. இன்னொன்றும் நானே சொல்லிவிடுகிறேன்: படத்தோடு இடத்தின் துல்லியமான குறியீட்டைப் போடுவது இதைவிட மோசம். ஒரு ஆந்தைக் கூட்டை நான் ஒருமுறை அப்படிப் போட்டேன். அடுத்த ஞாயிறு அங்கே பதினேழு கேமரா. மரத்தடியில் ஒருவர் உயிருள்ள எலியை நூலில் கட்டிப் போட்டிருந்தார். அதன்பின் நான் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

#9 ஒருவரி

அப்போ யாரும் எங்கேயும் போகாம வீட்லயே டிவில பாத்துக்கலாம். அதானே?

#10 தேன்சிட்டு

ஒருவரி, அப்படி இல்லை. :) எனக்கு நல்ல அனுபவமும் உண்டு.

ஒரு மலைக் கிராமத்தில் நான்கு நாள் தங்கினேன். விடுதி என்று எதுவும் கிடையாது, வீடுகள்தான். எந்த வீட்டில் தங்குவது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஊர்ப் பொது அறையில் ஒரு நீள நோட்டு, முனை மடங்கி, அட்டையில் பிசுக்கு. வீட்டுக்காரர் பெயர்கள் வரிசையாக, பக்கத்தில் பென்சில் வட்டம். கடைசி வட்டத்துக்கு அடுத்த வீடு நமக்கு. ஒரு பெயரைத் தாண்டிப் போனார்கள், ஏன் என்றேன். அந்த வீட்டில் சாவு, அடுத்த மாதம் அவர்களுக்கு இரண்டு முறை தருவோம் என்றார் நோட்டுக்காரப் பெண். நல்ல ஜன்னல் உள்ள வீட்டுக்கே எல்லோரும் போனால் மற்றவர்கள் என்ன ஆவது என்பது கேட்காமலே வந்த விளக்கம்.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, லடாக்கில் பனிச்சிறுத்தை உள்ள ஊர்களில் வீட்டுத் தங்கல்கள் இப்படி முறைவைத்துத்தான் ஓடுகின்றன என்று. அங்கே முதலில் செய்தது தங்கல்கூட இல்லை, பட்டிக்குக் கூரை. பனிச்சிறுத்தை ஒரு தடவை பட்டிக்குள் குதித்துவிட்டால் ஒன்றைத் தின்றுவிட்டுப் போகாது, மிரண்டு ஓடும் ஆடுகளையெல்லாம் கடித்துப் போடும். ஒரு ராத்திரியில் ஒரு குடும்பத்தின் சொத்தே முடிந்துவிடும். பட்டிக்கு மேலே கம்பிவலையும் உறுதியான கதவும் போட்டுக் கொடுத்தார்கள். மிருகத்தைக் கொல்ல வேண்டிய காரணமே குறைந்தது. அதன் மேல்தான் பயணி வந்து தங்குவது.

#11 செம்போத்து

தேன்சிட்டு அம்மா சொன்னது முக்கியம். நஷ்டத்தை யார் சுமக்கிறார் என்று பார்க்காமல் காவல் பேச முடியாது.

நாகாலாந்தின் பாங்டி ஊரை இதற்குச் சொல்லலாம். தோயாங் அணைத் தேக்கத்தில் வயல் மூழ்கியது. மீன் பிடிக்கப் போனவர்கள் கண்ணில், அக்டோபரில் ஆயிரமாயிரமாய் வந்து இறங்கும் அமூர் வல்லூறு பட்டது. சைபீரியாப் பக்கமிருந்து தென்னாப்பிரிக்கா போகிற வழியில் சில வாரம் மட்டும் தங்குகிற பறவை. ஒன்று ஏறக்குறைய 150 கிராம்தான். 2012-ல் ஒரே பருவத்தில் 1.2 லட்சத்திலிருந்து 1.4 லட்சம் வரை வலையில் விழுந்ததாக மதிப்பிட்டார்கள். படம் வெளியே வந்து உலகமே திட்டியது. அடுத்த வருடமே, 2013-ல், ஊர்ச்சபைகளும் தேவாலயமும் இளைஞர்களும் முடிவெடுத்து வேட்டையை நிறுத்தினார்கள். அந்த நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் சிறு கருவி கட்டி, நாகா, வோக்கா, பாங்டி என்று பெயரும் வைத்தார்கள்.

பத்திரிகைகள் கதையை இங்கேயே சுபம் போட்டு முடிக்கும். எனக்கு உறுத்துவது வேறு. பறவை தங்குவது சில வாரம். பயணி வருவதும் அந்தச் சில வாரம். வயல் போனது வருடம் முழுக்க. வலையைச் சுருட்டி வைத்தவருக்கு மிச்ச பதினோரு மாதத்துக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? அவர் வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

#12 மருந்துப்பெட்டி

கால்நடை மருத்துவர் என்ற முறையில் ஒரு சேர்க்கை. 'போகவே கூடாதா' என்று ஒருவரி கேட்டாரே, கட்டுப்பாடோடு போவது எப்படியிருக்கும் என்பதற்கு மலைக் கொரில்லாதான் கச்சிதமான உதாரணம்.

ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரே முறை, ஒரு மணி நேரம். விலகி நிற்க வேண்டும், முகக்கவசம், சளி இருந்தால் பணம் கட்டியிருந்தாலும் முகாமிலேயே உட்கார வேண்டியதுதான். கெடுபிடிக்காக அல்ல, நமக்கு மூன்று நாளில் போகிற சளி அவற்றுக்கு நுரையீரலில் இறங்கிக் கொல்லும். கட்டணம் ருவாண்டாவில் 2017-ல் 750 டாலரிலிருந்து 1,500 ஆயிற்று. பூங்கா வருமானத்தில் சுற்றியுள்ள ஊர்களுக்கு 2005 முதல் 5 சதவீதம் போய்க்கொண்டிருந்தது, அதையும் 2017-ல் 10 ஆக்கினார்கள். மலைக் கொரில்லா எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அழியும் உயிரினங்களுக்கான உலகப் பட்டியலில் (IUCN சிவப்புப் பட்டியல்) 2018-ல் 'மிக ஆபத்தான நிலை' என்பதிலிருந்து ஒரு படி இறங்கி 'ஆபத்தான நிலை'க்கு வந்தது. பெருங்குரங்குகளில் எண்ணிக்கை ஏறுவது அபூர்வம்.

ஆனால் 'ஊருக்கு' என்று சொல்லும்போது எந்த ஊர் என்று கேளுங்கள். அந்த மலைக்காடுகளில் முன்பு வாழ்ந்தவர்கள் பட்வா மக்கள். காட்டைப் பூங்காவாக்கியபோது அவர்களை வெளியேற்றினார்கள். உகாண்டா பக்கம் அது நடந்தது 1991-ல். பங்கு பிரிக்கும்போது நிலமும் குரலும் உள்ள பக்கத்து ஊர்களுக்குக் கிடைத்தது, காட்டுக்காரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். பயணிகள் முன்னால் ஆடிக்காட்டும் வேலைதான் பல இடங்களில் மிஞ்சியது.

#13 கணக்குப்பிள்ளை

டாக்டர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ரசீது ஊர்க்குழு பெயரிலேயே இருந்தாலும், குழுவில் யார் இல்லை என்பதை ரசீது சொல்லாது. என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன்: பாதி அல்ல, கால்வாசிதான் தெரியும்.

இந்தியாவில் நல்ல உதாரணம் கேட்பவர்களுக்குக் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். வயணா என்ற காட்டு லவங்க மரத்தின் பட்டையைக் கடத்தியவர்களையே 1990களின் பிற்பகுதியில் குழுவாக்கி, வழிகாட்டியாகவும் காவலாகவும் ஆக்கினார்கள். காட்டின் ஒவ்வொரு சந்துபொந்தும் அவர்களுக்குத்தானே தெரியும். பெண்கள் 2002-லிருந்து 'வசந்த சேனை' என்று தாங்களே ரோந்து போகிறார்கள், சம்பளம் வாங்காமல். செம்போத்துக்குப் பிடிக்கும் கதை.

#14 செம்போத்து

பிடிக்கும். ஆனாலும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்பேன். பார்த்தீர்களா, நாம் இருவரும் இடம் மாறிவிட்டோம்.

#15 வழிப்போக்கன்

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. பாதைக்காரன் தம்பி சொன்ன கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று இடத்துக்குப் போன் போட்டேன். "நீங்கள் எப்போதெல்லாம் மூடுவீர்கள்?"

முதல் இடம்: "மூடவே மாட்டோம் சார், முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளும் உண்டு, கேரண்டியா காட்டுவோம்." எதைக் காட்டுவீர்கள் என்று கேட்கவில்லை.

இரண்டாவது இடம்: மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாக லைனில் வைத்தார்கள். ஆறு நிமிடம் புல்லாங்குழல் கேட்டேன். மேனேஜர் வந்து தள்ளுபடி சொன்னார்.

மூன்றாவது இடத்தில் ஒரு பெண் எடுத்தார், பின்னால் ஆடு கத்துகிறது. நான் கேட்பதற்குள் அவர் கேட்க ஆரம்பித்துவிட்டார். எத்தனை பேர், குழந்தைகளுக்கு என்ன வயது, யாருக்காவது மூச்சிரைப்பு உண்டா, எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பார்கள். நாங்கள் நினைத்திருந்த மாதத்தைச் சொன்னேன். "அப்ப குஞ்சு பொரிக்கிற நேரம், குளத்துப் பக்கம் போக முடியாது. ஆளுங்க எந்திரிச்சு நின்னா நாரை மொத்தமாக் கிளம்பிரும், அந்த நேரம் பாத்து காக்கா முட்டையைத் தூக்கிரும்" என்றார். சரி, அடுத்த மாதம்? "வாங்க. ஆனா ஒன்பது பேர் ஒண்ணா நடக்க முடியாது. ஆறுதான். ரெண்டு பேட்ச்சாப் போங்க, இல்ல மூணு பேரை வீட்ல விட்டுட்டு வாங்க." அதையும் அவர் தனியாக முடிவு செய்ய முடியாதாம். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

வாடிக்கையாளரை இப்படி யாரும் விரட்டி நான் பார்த்ததில்லை. அங்கேயே போகிறோம்.

#16 பாதைக்காரன்

அண்ணா, அந்தக்கா எங்க சங்கத்துல இருந்தா நான் தலைவர் பதவியை விட்டுருவேன். :) போறப்ப வெள்ளைச் சட்டை வேணாம், சென்ட் வேணாம். குழந்தைகளுக்கு முன்னாடியே கைசாடை நாலஞ்சு சொல்லிக் குடுங்க, அதுங்களுக்கு அது விளையாட்டு. பெரியவங்கதான் பேசுவாங்க.

#17 தேன்சிட்டு

ஒன்றும் தென்படாமல் திரும்பி வந்தாலும் அவர்களிடம் முகம் சுளிக்காதீர்கள். அடுத்த முறை வழிகாட்டி கிட்டப் போவது நம் முகத்தைப் பார்த்துத்தான்.

#18 வழிப்போக்கன்

சனிக்கிழமை காலை போன் வந்தது. கூட்டத்தில் ஒத்துக்கொண்டார்களாம். இரண்டு பிரிவாக, ஒரு பிரிவு காலையில், மற்றது மாலையில். முன்பணம் குழுவின் கணக்குக்கு அனுப்பினேன். கணக்குப்பிள்ளை சார், ரசீது வந்துவிட்டது, குழுவின் பெயரில், மூன்று கையெழுத்தோடு.

ஒரே ஒரு சிக்கல். டிரோன் கொண்டுவருகிறவருக்கு இடமில்லை என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. என் மச்சான் போன மாதம்தான் புதிதாக வாங்கினான். இப்போது எட்டுப் பேர். மச்சான் இன்னும் என்னோடு பேசவில்லை.